பெலெம் படகு, சல்வடோர் சாவி: பிரேசில் அனுபவங்கள்

பிரேசில் போறவங்க ரியோவோட திரும்பிடாதீங்க, வடக்கேயும் போங்க. நான் பெலெம்ல படகு ஏறி, அமேசான் ஆத்தை எதிர்த்து அஞ்சு நாள் போய் மனாஸ்ல இறங்கினேன். அந்த ரெண்டு ஊருக்கும் நேர்ச்சாலை கிடையாது, ஆறுதான் சாலை.

படகுல அறையும் உண்டு. ஆனா பெரும்பாலானவங்க மேல்தளத்துக் கம்பியில துணித்தூளி கட்டித்தான் தூங்கறாங்க. பக்கத்துத் தூளிப் பாட்டிதான் எனக்கு முடிச்சு போடவே சொல்லிக் கொடுத்தாங்க. மறுநாள் மாராஜோ தீவை ஒட்டின குறுகலான கால்வாய்ல, சின்ன ஓடங்கள்ல பிள்ளைங்க துடுப்பு போட்டுக்கிட்டு வந்தாங்க. பாட்டி பழைய சட்டையையும் பிஸ்கட்டையும் பிளாஸ்டிக் பையில போட்டு, உள்ளே காத்து நிக்கிற மாதிரி இறுக்கிக் கட்டி, தண்ணியில எறிஞ்சாங்க. பை முங்காம மிதந்துச்சு. எட்டு வயசு இருக்கும், ஒரு பொண்ணு ஓடம் சாயச் சாய எட்டி அதை எடுத்துட்டுக் கையாட்டினா. பாட்டி இன்னொரு பையைக் கட்ட ஆரம்பிச்சாங்க. இதுக்குன்னே வீட்டுலேருந்து மூட்டை கொண்டுவந்திருக்காங்க!

அங்கே எதைச் சாப்பிட்டாலும் மரவள்ளி மாவு தூவறாங்க. மரவள்ளி இலையை மேஞ்ச ஆடு செத்துடும்னு நம்ம ஊர்ல பயப்படுவோம்ல? அதே இலையை அரைச்சு, விஷம் போக ஏழு நாள் கொதிக்கவெச்சு, இறைச்சி சேர்த்து 'மனிசோபா'ன்னு சமைக்கறாங்க. கன்னங்கரேல்னு இருக்கு, ஆனா அவ்வளவு ருசி.

மனாஸ் நெருங்கும்போது எல்லாரும் தூளியை விட்டு எழுந்து ஓரத்துக்கு வந்துட்டாங்க. பால் விடாத டீ மாதிரி ரியோ நீக்ரோங்கற ஆறு ஒரு பக்கம், சேத்து நிறத்துல சொலிமோய்ஸ்ங்கற ஆறு மறுபக்கம். வேகமும் சூடும் வேற வேறங்கறதால ஆறு கிலோமீட்டர் போலக் கலக்காமலே பக்கத்துல பக்கத்துல ஓடுது. ரப்பர் வியாபாரத்துல வந்த காசுல கட்டி 1896ல திறந்த ஓபரா அரங்கத்தையும் மனாஸ்ல பார்த்தேன். ஆனா மனசுல நிக்கிறது அந்தத் தண்ணிதான்.

*

அக்கா, நீங்க எழுதினதைப் படிச்சதும் சல்வடோர் ஞாபகம் வந்துடுச்சு. 1549லேருந்து 1763 வரைக்கும் பிரேசிலை ஆண்ட போர்ச்சுகீசியர் அந்த ஊர்லதான் தலைநகரம் வெச்சிருந்தாங்க. நான் தங்கின வீட்டம்மா பூட்டைக் காட்டி 'ஷாவி'ன்னாங்க. அப்புறம் 'ஜனெலா', 'மேஸா'. சாவி, ஜன்னல், மேசை! போர்ச்சுகீசியம் வழியா நம்மகிட்ட வந்த சொல்னு பள்ளிக்கூடத்துல படிச்சதுதான். ஆனா அங்கே ஒரு அம்மா வாயால கேட்டப்போ சிலிர்த்துப் போச்சு.

சாயங்காலம் தெருமுனையில, வெள்ளைப் பாவாடையும் தலைப்பாகையுமா ஒரு அம்மா 'அகரஜே' போட்டுக்கிட்டு இருந்தாங்க. தோல் நீக்கின காராமணியை வெங்காயத்தோட அரைச்சு, மரக்கரண்டியால நல்லா அடிச்சு, சிவப்புப் பனை எண்ணெயில பொரிக்கறாங்க. பார்த்ததும் வடைன்னுதான் தோணுச்சு. மேற்கு ஆப்பிரிக்காவுலேருந்து அடிமைகளா இழுத்து வரப்பட்டவங்க மறக்காம காப்பாத்தின பலகாரம் அது. இன்னிக்கும் அவங்க வழிவந்த பெண்கள் அதை வித்துக் குடும்பத்தை நடத்தறாங்க.

'சூடா வேணுமா, ஆறினதா?'ன்னு கேட்டாங்க. சூடான்னேன். நடுவுல பிளந்து மிளகாய்ச் சாந்தை அள்ளி வெச்சாங்க. அந்த ஊர்ல சூடுன்னா காரமாம்! கண்ணுல தண்ணி வர முழுசாத் தின்னு முடிச்சு, இன்னொண்ணும் சூடாவே கேட்டேன். அந்த அம்மா என் தோளைத் தட்டிட்டு எண்ணெய்ல அடுத்ததைப் போட்டாங்க.