லிண்ட்பெர்க்: விமானியை மட்டும் தனியாகப் பிரித்துக் கொண்டாட முடியுமா?

வானம்பாடி:
1927 மே 20 காலை நியூயார்க்கில் கிளம்பி, மறுநாள் இரவு பாரிஸில் இறங்கினார் அமெரிக்க விமானி சார்லஸ் லிண்ட்பெர்க். முப்பத்து மூன்றரை மணி நேரம், ஒற்றை ஆள், ஒற்றை எஞ்சின். எடை கூடும் என்று ரேடியோவும் பாராசூட்டும் வேண்டாம் என்றுவிட்டார். முன்னால் பெரிய பெட்ரோல் டாங்க் இருந்ததால் நேரே பார்க்கக் கண்ணாடிகூடக் கிடையாது, பக்கத்து ஜன்னலும் ஒரு பெரிஸ்கோப்பும்தான். பறப்பதை உயிராக நினைக்காதவரால் இதைச் செய்ய முடியாது. அவர் அரசியலை இதற்குள் இழுக்காதீர்கள்.

பருந்து:
இழுத்தது அவரேதான் நண்பரே. 1939-ல் ரீடர்ஸ் டைஜஸ்டில் எழுதிய கட்டுரையில், மற்ற நிறத்தவர்கள் சூழ்ந்த உலகில் வெள்ளை இனம் பிழைத்திருக்க வாய்த்த அரிய சொத்துகளில் ஒன்று என்று விமானத்தைச் சொல்கிறார். பறப்பதைப் பற்றிய நினைப்புக்குள்ளேயே இனவெறி இருக்கும்போது எதை எதிலிருந்து பிரிப்பது? 1938 அக்டோபரில் பெர்லினில் நாஜித் தலைவர் கோரிங் கொடுத்த பதக்கத்தை வாங்கினார், அடுத்த மாதமே ஜெர்மனி முழுக்க யூதர்களின் கடைகளையும் வழிபாட்டு இடங்களையும் நாஜிகள் சூறையாடினார்கள், அதன் பிறகும் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஓடுபாதை:
இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கா சேர வேண்டாம் என்று அவரைப் போலவே அன்றைக்கு லட்சக்கணக்கான அமெரிக்கர்கள் சொன்னார்கள், முதல் உலகப்போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த நாடு அது. அவரைத் துரோகி என்பது அநியாயம். அதிபர் ரூஸ்வெல்ட்டின் அரசு ராணுவப் பதவியைத் திரும்பத் தராதபோதும், 1944-ல் பசிபிக் போர்முனைக்குச் சாதாரணக் குடிமகனாகவே போய் ஏறக்குறைய 50 முறை போர்ப் பறப்பில் கலந்துகொண்டார். எஞ்சின் சுற்றைக் குறைத்து, கலவையில் பெட்ரோலையும் குறைத்து பி-38 போர் விமானத்தை இன்னும் வெகுதூரம் கொண்டுபோக இளம் விமானிகளுக்குக் கற்றுக்கொடுத்தார்.

பருந்து:
துரோகி என்று நான் சொல்லவே இல்லை. போரை எதிர்த்ததும் குற்றமில்லை. 1941 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவின் டெமாயின் நகரில் பேசியபோது, நாட்டைப் போருக்குத் தள்ளுபவர்கள் என்று பிரிட்டிஷாரோடும் ரூஸ்வெல்ட் அரசோடும் யூதர்களையும் சேர்த்துக் குற்றம் சாட்டினாரே, அதுதான் குற்றம். ஐரோப்பாவில் யூதர்கள் கொல்லப்பட்டுக்கொண்டிருந்த நேரம் அது.

வானம்பாடி:
சரி, அந்தப் பேச்சு கேவலமானது, அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் அதே ஆள்தான் அமெரிக்க வீரர்கள் ஜப்பானியர்களிடம் காட்டிய கொடூரத்தையும் தன் நாட்குறிப்பில் மறைக்காமல் எழுதினார். அவர் பாரிஸுக்குப் பறந்த, வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்த விமானத்தை என் பிள்ளைகளுக்குப் பெருமையோடுதான் காட்டுவேன்.

பருந்து:
தாராளமாகக் காட்டுங்கள். 1939-ல் எழுதியதையும் படிக்கக் கொடுங்கள், உங்கள் பிள்ளைகளும் அவர் பார்வையில் அந்த மற்ற நிறத்தவர்கள்தான்.