நாளை டிஸ்சார்ஜ்: அப்பா வீடு திரும்பத் தயாரா?

கேள்வி (ஜெலுத்தோங், பினாங்கு)

வணக்கம். 70 வயதைக் கடந்த என் அப்பாவை நுரையீரல் அழற்சிக்காக மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். காய்ச்சல் தணிந்துவிட்டதால் நாளை வீட்டுக்கு அழைத்துச் செல்லலாம் என்று மருத்துவர் கூறியிருக்கிறார். சர்க்கரை ஏறியிருந்ததால் இன்சுலினும் புதிதாகத் தொடங்கியிருக்கிறார்கள். "எனக்கு ஒன்றுமில்லை" என்கிறார் அப்பா. ஆனால் கழிவறைக்குப் போய் வந்ததும் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நிற்கிறார். நாங்கள் இருப்பது மின்தூக்கி இல்லாத அடுக்குமாடியின் நான்காவது மாடியில். எதை வைத்து முடிவு செய்வது?

மறுமொழி (ஓய்வுபெற்ற தாதி, பட்டர்வொர்த்)

தம்பி, நோய் அடங்கிவிட்டதா என்பது வேறு, வீட்டில் சமாளிக்க முடியுமா என்பது வேறு. முதலாவதற்கு அளவுகள் உண்டு: உடல்வெப்பம் 37.8 பாகையைத் தாண்டாமலும், நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100க்குள்ளும், மூச்சு 24க்குள்ளும், மேல் இரத்த அழுத்தம் 90க்குக் குறையாமலும், ஆக்சிஜன் குழாய் இல்லாமலே இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 90 விழுக்காட்டுக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். நோயாளி வாயால் உண்ண வேண்டும், புத்தி தெளிவாக இருக்க வேண்டும். ஆனால் படுக்கையில் எடுத்த அளவு படிக்கட்டைப் பற்றி எதுவும் சொல்லாது. இன்றே வார்டுத் தாதியிடம் நீங்கள் கண்டதைச் சொல்லி, அப்பாவை நடக்க வைத்து, விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் இறங்குகிறதா என்று பார்க்கக் கேளுங்கள்.

அமெரிக்கத் தாதியியல் ஆய்வாளர் மரியான் வைஸ் 2006இல் வெளியிட்ட அளவுகோல், உடல்நிலை, நோயைப் பற்றிய அறிவு, சமாளிக்கும் திறன், வீட்டில் கிடைக்கும் உதவி ஆகிய நான்கையும் நோயாளியிடமே கேட்கிறது. அவர் குழுவின் பிந்தைய ஆய்வில், நோயாளியின் சொல்லைவிடத் தாதியரின் கணிப்பே மறுபடி மருத்துவமனைக்கு வர நேர்வதோடு நெருங்கிப் பொருந்தியது. வீட்டு ஏக்கத்தில் பெரியவர்கள் எதற்கும் தலையாட்டிவிடுவார்கள்; அப்பாவின் சொல்லை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

மறுமொழி (மருந்தாளர், கோலாலம்பூர்)

இன்சுலின் பேனாவைத் தாதி பிடித்துக் காட்டினால் போதாது. அப்பாவோ நீங்களோ அளவைத் திருப்பி, தாதியின் கண்முன்னே ஒருமுறை போட்டுக்காட்ட வேண்டும். கிருமித்தொற்று தணியும்போது இன்சுலின் தேவை குறையக்கூடும், பசியும் இன்னும் திரும்பியிராது. ஆகவே இரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் (mmol/L) கீழே இறங்கினால் 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். சாப்பிடாத வேளையில் ஊசியை என்ன செய்வது என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்

அக்காவுக்கும் ஐயாவுக்கும் மிக்க நன்றி. தங்கையின் வீடு தரைத்தளத்தில் இருக்கிறது; அப்பாவை முதலில் அங்கே தங்க வைக்கிறோம். நடக்க வைத்துப் பார்க்க வார்டில் ஒப்புக்கொண்டார்கள்.