‘டூயல் டாஸ்க்’ பயிற்சிக்குத் தமிழ்: ‘இருசெயல்’ என்னும் பரிந்துரை

அன்புடையீர்,

வணக்கம். நடந்துகொண்டே எண்ணுவது, ததும்பும் குவளையை ஏந்திக்கொண்டு நடப்பது என இரண்டு வேலைகளை ஒருசேரக் கொடுக்கும் இயன்முறைப் பயிற்சிக்கு ‘இரட்டைப்பணி’, ‘இருகவனகம்’, ‘உடன்செயல்’ என்னும் மூன்று சொற்களை இந்தக் கலைச்சொல் உரையாடலில் மற்றவர்கள் முன்மொழிந்துள்ளார்கள். கோத்தகிரிப் பக்கம் இயன்முறை மருத்துவம் பார்ப்பவன் என்ற முறையில் நான் ‘இருசெயல் பயிற்சி’ என்பதை முன்வைக்கிறேன்.

‘இரட்டைப்பணி’ என்றால் மருத்துவமனைச் செவிலியர் இரண்டு ஷிப்டு சேர்த்துப் பார்ப்பதைத்தான் நினைப்பார், அதை விட்டுவிடலாம்.

‘இருகவனகம்’ அழகான சொல். 1907இல் சென்னையில் சதாவதானம், அதாவது ஒரே நேரத்தில் நூறு செய்திகளில் கருத்தூன்றும் கவனகம், நிகழ்த்திய செய்குத்தம்பிப் பாவலரின் மரபை நினைவூட்டுவது. ஆனால் கவனகர் காட்டுவது, பலரும் இடையிட்டுக் கேட்பவற்றை நினைவில் நிறுத்தி விடையிறுக்கும் தேர்ச்சி. நம் நோயருக்கோ குளியலறைக்குப் போகும் வழியில் கூப்பிட்ட குரலுக்குப் பதில் சொன்னால் விழாமல் இருக்க வேண்டும், அவ்வளவே. மேலும் குவளையை ஏந்தி நடக்கும்போது இரண்டுமே உடலியக்கம்தான். கவனத்தைப் பெயரிலேயே வைத்தால் அவ்வகைப் பயிற்சி ஓரமாகிவிடும்.

‘உடன்செயல்’ என்பதைத்தான் எளிதில் தள்ள முடியவில்லை. எனினும் ஆய்வு போகும் திசை அதற்கு எதிராக இருக்கிறது. பார்க்கின்சன் நோயர் 121 பேரிடம் நடத்தப்பட்டு 2017இல் வெளிவந்த ஆய்வு, நடையையும் அறிவுப் பயிற்சியையும் தனித்தனியே கொடுத்த முறையையும், இரண்டையும் சேர்த்தே கொடுத்த முறையையும் ஒப்பிட்டது. இருவகையிலும் நடை ஏறத்தாழ ஒரே அளவு மேம்பட்டது. சேர்த்துப் பயிற்றினால் விழுவார்களோ என்ற அச்சமும் மெய்ப்படவில்லை. இரண்டுமே அத்துறையில் ஒரே பெயரின்கீழ் வருபவை என்பதால், ‘உடன்’ என்ற முன்னொட்டு முதல் வகையை வெளியே நிறுத்திவிடும். ‘அடுத்தடுத்த இருசெயல் பயிற்சி’, ‘ஒருங்கிணைந்த இருசெயல் பயிற்சி’ என்றால் இரண்டுக்கும் இடம் கிடைக்கிறது.

‘செயல்’ என்ற பகுதியை நான் நோயரிடமிருந்தே எடுத்தேன். 100லிருந்து மும்மூன்றாகக் கழிக்கச் சொல்வது ஆய்வு வழக்கம். பள்ளிக்கே போகாமல் காலமெல்லாம் கொழுந்து பறித்த பாட்டியிடம் அதைக் கேட்டால், அவர் தடுமாறுவது கணக்காலா காலாலா என்று பிரிக்க முடியாது. அதனால் மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே வரும் பஸ் எங்கெங்கே நிற்கும் என்று கேட்பேன். ‘குஞ்சப்பனை’ வரை நடை சீராக வரும். அடுத்த ஊரைத் தேடும்போது கால் நின்றுவிடும். ‘அரவேணு’ என்று வாய் சொன்ன பிறகே அடுத்த அடி எழும். ‘ரெண்டையும் சேத்துச் செய்ய முடியல தம்பி’ என்பார்கள். அந்தச் ‘செய்’தான் என் சொல்லின் வேர். இந்த நிற்றலை 1997இலேயே சுவீடன் ஆய்வாளர்கள் அளந்தார்கள்: முதியோர் 58 பேரில் பேச்சுக் கொடுத்ததும் நடையை நிறுத்தியவர்கள் 12 பேர், அவர்களுள் 10 பேர் ஆறு மாதத்துக்குள் விழுந்தார்கள்.

கிளைச்சொற்களும் தடையின்றி வருகின்றன: ஒற்றைச்செயல், செயலிடைக் குறுக்கீடு (ஒரு செயல் மற்றதைக் கெடுப்பது), இருசெயல் இழப்பு (சேர்த்துச் செய்யும்போது நேரும் குறைவு). தனியே 12 நொடியில் நடந்த தொலைவுக்குப் பேசிக்கொண்டே 15 நொடி ஆனால் இழப்பு 25 விழுக்காடு. ஒருமுறை நடையிலும் மறுமுறை கணக்கிலுமாகக் கவனத்தை மாற்றி மாற்றி வைக்கச் சொல்வதை ‘மாறு முன்னுரிமை’ எனலாம். 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வில் அவ்வாறு பயின்றவர்களிடமே நடைவேகத்தில் கிடைத்த பலன் 12 வாரம் கழித்தும் நீடித்தது.

— கோத்தகிரியிலிருந்து

ஐயா,

‘இருகவனக’த்தை முன்மொழிந்தவள் நான், திரும்பப் பெறுகிறேன். ஆனால் ‘இழப்பு’ என்பதற்கு உடன்பட இயலவில்லை. சிலர் கணக்குப் போடும்போது முன்னைவிட நன்றாகவே நடக்கிறார்கள். அப்போது ‘எதிர்மறை இழப்பு’ என்று எழுத நேரும். ‘இருசெயல் விளைவு’ என்றால் கூடுதலுக்கும் குறைவுக்கும் பொருந்துமே?

— குன்னூரிலிருந்து

அம்மா,

பொருந்துகிறது. பொதுச்சொல்லாக ‘விளைவு’ இருக்கட்டும். சேர்த்துச் செய்யும்போது திறன் குறையும் இடத்தில் மட்டும் ‘இழப்பு’ என்று எழுதுவோம். செயலிடைக் குறுக்கீட்டுக்கு இதைவிடச் சுருக்கமான சொல் யாரிடமாவது இருந்தால் தெரிவிக்கவும்.