வடதுருவக் கடல்வழி திறந்தால் நமக்கு லாபமா?

செம்பூர் மாலுமி:
பனி உருகுவதால் ரஷ்யாவின் வடகரையை ஒட்டிய கடல்வழி கோடையில் திறக்கிறது. ஜப்பானின் யோகோஹாமாவிலிருந்து நெதர்லாந்தின் ராட்டர்டாமுக்கு சூயஸ் வழியாகச் சுமார் 11,200 கடல் மைல். வடக்கே போனால் 7,300 தான். இருபது வருடம் கப்பல் இயந்திர அறையில் இருந்தவன் சொல்கிறேன், சென்னையிலிருந்து ரஷ்யாவின் கிழக்குத் துறைமுகமான விளாதிவஸ்தோக் போகும் கடல் தடத்தை இதனோடு இப்போதே இணைக்க வேண்டும். தயங்கினால் சீனா முந்திக்கொள்ளும்.

தாராவி ஆசிரியை:
ஐயா, அது ஜப்பானின் கணக்கு. மும்பை பக்கத்து நவசேவா துறைமுகத்தில் ஏற்றும் சரக்கு ஐரோப்பா போக எதற்கு ஆசியாவையே சுற்ற வேண்டும்? நமக்கு சூயஸ்தான் கிட்டம். மிச்சமாகும் தூரம் பிறருக்கு, உயரும் கடல் நமக்கு. 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூஸில் 944 மி.மீ. மழை கொட்டியது. மித்தி ஆறு வடிய வழியில்லாமல் கடல் ஏற்றம் தடுத்தது. அந்த மழைக்கு ஆர்க்டிக் காரணம் என்று நான் சொல்லவில்லை. கடல் மட்டம் இன்னும் ஏறினால் அதே மழைக்குத் தண்ணீர் எங்கே போகும்?

செம்பூர் மாலுமி:
மிதக்கும் பனி உருகிக் கடல் உயராது, டீச்சர். டம்ளரில் ஐஸ் கரைந்தால் தண்ணீர் வழிகிறதா?

தாராவி ஆசிரியை:
வழியாது, சரிதான். ஆனால் வெண்பனி விலகிய இடத்தில் கருத்த கடல்நீர் வெயிலைக் குடிக்கிறது. 1979 முதல் ஆர்க்டிக் உலக சராசரியைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு வேகமாகச் சூடேறியிருக்கிறது. கிரீன்லாந்தின் பனி தரைமேல் கிடப்பது; அந்தச் சூட்டில் அது முழுதும் கரைந்தால் கடல் சுமார் 7 மீட்டர் உயரும்.

சயான் வாசகர்:
அரசியலையும் பாருங்கள். உக்ரைன் போர் தொடங்கியதும், 2022 மார்ச்சில், வடதுருவ நாடுகளின் அமைப்பான ஆர்க்டிக் கவுன்சிலின் மற்ற ஏழு நாடுகளும் ரஷ்யாவுடன் கூடுவதை நிறுத்தின. பின்லாந்து, ஸ்வீடன் சேர்ந்தபின் அந்த ஏழுமே நேட்டோ. அந்தக் கவுன்சிலில் 2013 முதல் பார்வையாளராக இருக்கும் நாம் ஒரு பக்கம் சாய்ந்தால், ஸ்வால்பார்ட் தீவுகளில் 2008 முதல் நடக்கும் நம் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் என்ன ஆகும்? அது நார்வேயின் மண்.

செம்பூர் மாலுமி:
அதற்காக அந்த வடவழியில் கப்பலேறி வரக்கூடிய ரஷ்ய எரிவாயுவை விட்டுவிடுவதா? தூரக் கணக்கில் நான் தவறினேன், ஒப்புக்கொள்கிறேன். எரிபொருள் தேவையில் தவறவில்லை.

தாராவி ஆசிரியை:
வாங்குங்கள். அந்தக் கப்பல்கள் எதை எரிக்கின்றன? எரிந்தால் கரி கக்கும் கனரக எண்ணெய்க்கு ஆர்க்டிக்கில் 2024 ஜூலையில் தடை வந்தும், பல கப்பல்களுக்கு 2029 வரை விலக்கு உண்டு. அந்தக் கரி பனிமேல் படிந்தால் உருகல் இன்னும் வேகமாகும்.

செம்பூர் மாலுமி:
அந்தக் கரியைச் சுரண்டிய கை இது. சோப்புக்குப் போகாது. விலக்கை நீக்க இந்தியா பேச வேண்டும்; அதில் உங்களோடு நிற்கிறேன். விளாதிவஸ்தோக்கை மட்டும் விடமாட்டேன்.