எம்.எஸ். பக்கத்தில் உட்கார்ந்து பாடியவர்: ராதாவும், அவரைப் போன்றவர்களும்

மாம்பலம் ரசிகை:

விடியற்காலையில் மேற்கு மாம்பலத்துத் தெருக்களில் நடந்தால் ஏதாவது ஒரு வீட்டிலிருந்து சுப்ரபாதம் கேட்காமல் இருக்காது. 1963-இல் எச்.எம்.வி. வெளியிட்ட அதே இசைத்தட்டுதான், இன்று போனில் ஓடுகிறது. நாளைக்குக் கேட்கும்போது, பாடுவது ஒருவரல்ல, இரண்டு பேர் என்று மனதில் வைத்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள். எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மாவின் குரலோடு ஒட்டிக்கொண்டே இன்னொரு குரல் வரும். அதுதான் ராதா விஸ்வநாதன்.

எம்.எஸ்.ஸின் கணவர் சதாசிவத்தின் முதல் மனைவிக்குப் பிறந்த மகள். 1940-இல் எம்.எஸ். அந்தக் குடும்பத்துக்குள் வந்தபோது ராதாவுக்கு ஐந்து வயது. ‘மீரா’ படத்தில் எம்.எஸ்.ஸின் சிறுவயது வேடத்தில் நடித்ததும் இவர்தான். வழுவூர் ராமையா பிள்ளையிடம் பரதம் கற்று, கல்கியின் மகள் ஆனந்தியோடு சேர்ந்து ஆடியவர். ‘ராதா - ஆனந்தி’ என்றால் அந்தக் காலத்து ரசிகர்களுக்குத் தெரியும். அப்புறம் ஆட்டம் போயிற்று, பாட்டு நிலைத்தது. 1966 அக்டோபர் 23 அன்று ஐ.நா. சபையில் எம்.எஸ். பாடியபோதும் பக்கத்தில் ராதா இருந்தார். காஞ்சிப் பெரியவர் இயற்றிய ‘மைத்ரீம் பஜத’வையும் ராஜாஜி எழுதிய ஆங்கிலப் பிரார்த்தனையையும் பாடிய அதே கச்சேரி. 1982-இல் கடுமையான மூளைக்காய்ச்சல் வந்து அவர் வாழ்க்கையே திசைமாறியது. 2018 ஜனவரி 2 அன்று பெங்களூரில் காலமானார்.

‘எம்.எஸ்.ஸின் நிழல்’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அந்தச் சொல்லே பிடிக்கவில்லை. நிழலுக்கு ஸ்ருதி சேர்க்க வேண்டாம், ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் சங்கதிகளை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டாம். பெரிய வித்வான்களுக்குப் பின்னால் உட்கார்ந்தவர்களை நெருக்கமாகப் பார்த்தவர்கள், அந்த இடத்தில் உட்கார்ந்தவர்கள் இங்கே இருந்தால் எழுதுங்களேன்.

பழைய பாட்டுப் பெட்டி:

மேடையில் அவர்கள் இருவரையும் தூரத்திலிருந்து பார்த்தவன் நான், அவ்வளவுதான். முன்வரிசையில் சதாசிவம் உட்கார்ந்திருப்பார். அடுத்து என்ன பாட்டு, எவ்வளவு நேரம் என்று கீழேயிருந்தே கச்சேரியை ஓட்டியவர் அவர் என்பது ஊரறிந்த விஷயம். அந்த ஒழுங்குக்குள் எம்.எஸ். ராகத்தில் இறங்கிவிட்டால் ராதா வாயைத் திறக்கமாட்டார். கீர்த்தனைக்குள் வந்ததும் பிசிறில்லாமல் சேர்ந்துகொள்வார். எத்தனையாவது சங்கதி, எங்கே மூச்சு, பாட்டின் இரண்டாம் பகுதியான அனுபல்லவியிலிருந்து எப்படித் திரும்புவது எல்லாம் இரண்டு பேருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒருவர் மூச்சு வாங்கும் இடத்தை மற்றவர் மூடுவதால்தான் சுப்ரபாதத்தில் இடைவெளியே இல்லாததுபோல் தோன்றுகிறது என்பது என் அபிப்பிராயம். கூடப் பாடுவதைவிட, எப்போது பாடக்கூடாது என்பதைத் தெரிந்துவைத்திருப்பது கஷ்டம்.

ஜீவா:

என் முறை. பெயர் சொல்லமாட்டேன், நான் யாருக்குப் பின்னால் உட்கார்ந்து தம்புரா போட்டேனோ அந்தப் பாடகரின் பெயரையும் சொல்லமாட்டேன். அவரை ‘மாமா’ என்றுதான் கூப்பிடுவேன். காலேஜ் முடித்த கையோடு பாட்டு கற்றுக்கொள்ளப் போனவன், டிசம்பர் கச்சேரி சீசன் வந்தால் டிரைவர், சமையல்காரர், காரியதரிசி எல்லாம் நானே என்று ஆகிவிட்டேன்.

பிளாஸ்க் விஷயம் முதலில். இரண்டு பிளாஸ்க் போகும். ஒன்றில் வெறும் வெந்நீர், இன்னொன்றில் மிளகும் பனங்கற்கண்டும் போட்ட பால். எதை எப்போது நீட்டுவது என்பதில்தான் இருக்கிறது சூட்சுமம். முதலில் பாடும் வர்ணம் முடிந்ததும் வெந்நீர். ஆலாபனை நடுவில் நீட்டினால் முறைப்பார். வயலின்காரர் ராகம் வாசிக்க ஆரம்பித்த பிறகு, அதுவும் ஒரு சுற்று ‘பலே’ சொல்லி முடித்த பிறகு நீட்ட வேண்டும். உடனே குடித்தால் வயலினை அவமதித்த மாதிரி ஆகிவிடுமாம்.

ஸ்ருதி இன்னொரு தலைவலி. மாமா பாடுகிற ஸ்ருதி ஒன்றரைக் கட்டை. கிரீன் ரூமில் ஏ.சி. குளிரில் கச்சிதமாகச் சேர்த்து வைப்பேன். மேடைக்கு வந்து விளக்குச் சூடு பட்டதும் தந்திகள் இறங்கிவிடும். பஞ்சமத் தந்தி முதலில் காட்டிக்கொடுக்கும். நாலு தந்திக்கும் அடியில், தந்திகளைத் தாங்கும் குதிரை என்ற கட்டை மேல், ஒரு நூல் இருக்கிறதே, அதுதான் ஜீவா. ஒரு மயிரிழை நகர்ந்தால் நாதம் செத்துப்போகும். பல்லவி நடுவில் மாமா திரும்பிப் பார்க்காமலே இடது கையை லேசாக அசைப்பார். ‘டேய், ஜீவா போச்சுடா’ என்று அர்த்தம். மீட்டுவதை நிறுத்தாமலே சரிசெய்ய வேண்டும். ஆயிரம் பேர் பார்க்கிறார்கள், ஒருவருக்கும் தெரியாது.

மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் வந்தால் பாதி ஹால் கேன்டீனுக்கு எழுந்து போகும். எனக்கு அப்போதுதான் வேலை அதிகம். கச்சேரி முடிவில் பாடும் சின்னப் பாட்டுகளான துக்கடாக்களைக் கேட்டு ரசிகர்கள் அனுப்பிய சீட்டுகளைப் பிரித்து, அன்று குரல் எதற்குத் தாங்குமோ அதை மட்டும் மேலே வைப்பேன். மாமா முதல் சீட்டைத்தான் எடுப்பார். ஆக, அன்றைக்கு என்ன துக்கடா என்பதை முடிவு செய்தது யார் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கேன்டீன் பக்தன்:

நான் பாதி ஹாலைச் சேர்ந்தவன். மன்னிக்கவும், அந்த நேரத்தில்தான் அக்காரவடிசல் சூடாக வரும்.

பெசன்ட் நகர் சிஷ்யை:

ஜீவா எழுதியது சுவாரசியமாக இருக்கிறது. ஆனாலும் கொஞ்சம் கசப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் ஒரு பெரிய பாடகியோடு வருஷக்கணக்கில் பின்னால் உட்கார்ந்து பாடினேன். அக்கா எனக்குச் சொல்லிக்கொடுத்ததற்குக் காசு வாங்கியதில்லை. பின்னால் பாடியதற்கு நானும் காசு கேட்டதில்லை, அவரும் கொடுத்ததில்லை. குருவோடு மேடையேறுவதே பெரிய பாக்கியம் என்று வீட்டில் சொன்னார்கள். பாக்கியம்தான், ஆனால் அந்த வருஷங்களில் எனக்கென்று ஒரு மத்தியானக் கச்சேரிகூட அமையவில்லை. அக்காவின் பிடிகளே என் தொண்டையில் உட்கார்ந்துவிட்டன. தனியாகப் பாடப் போனால், ‘அப்படியே அவங்க மாதிரியே இருக்கு’ என்கிறார்கள். பாராட்டாகத்தான் சொல்கிறார்கள்.

ராதா மகளாக வளர்ந்தவர், அவர் கணக்கு வேறு. எங்களைப் போன்றவர்களுக்கும் ‘தியாகம்’ என்று பட்டம் கட்டாதீர்கள். தியாகம் என்று சொன்ன இடத்தில் சம்பளம் பற்றிய பேச்சு நின்றுவிடுகிறது.

மாம்பலம் ரசிகை:

பெசன்ட் நகர் சிஷ்யை சொன்னதை ஏற்கிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். நோய்க்குப் பிறகும் ராதா பாட்டை விடவில்லை. பேத்திக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தார். எம்.எஸ். ஒரு கீர்த்தனையை எப்படிப் பாடினார் என்பதை உள்ளேயிருந்து சொல்லக்கூடியவராக அவர்தான் இருந்தார். பின்னால் உட்கார்ந்தவருக்கு மட்டும் கிடைக்கிற அறிவு அது. ஜீவா, ஒரு கேள்வி: இப்போதும் தம்புரா போடுகிறீர்களா? உங்களுக்குச் சம்பளம் உண்டா?

ஜீவா:

மாமா இருந்தவரை சம்பளம் கிடையாது, தீபாவளிக்கு வேட்டி உண்டு. இப்போது வேறு ஒருவருக்குப் போடுகிறேன், கச்சேரிக்கு இவ்வளவு என்று முதலிலேயே பேசிவிடுவேன், ஆட்டோ தனி. முக்கால்வாசிப் பேர் போனில் தம்புரா ஆப் வைத்துக்கொள்கிறார்கள், அதில் தந்தி இறங்காது. ஆனாலும் பெரிய சபா என்றால் மேடைக்கு அழகாக இருக்கும் என்று தம்புராவையும் எடுத்துவரச் சொல்கிறார்கள். அப்படிக் கூப்பிட்டால் நான் கேட்கிற முதல் கேள்வி, எனக்கு மைக் உண்டா என்பதுதான்.