நார்ஃபோக்கில் பிறந்த சிப்பாய்: மூன்று வில்லியம்களில் எவர்?

பரங்கிமலை_ஏடு கேட்டது:

ஆங்கிலோ-இந்தியக் குடும்பம் ஒன்றின் வம்சாவளியை இங்கிலாந்து வரை கொண்டுபோகும் வேலை. மதராஸ் பக்கம் முடிந்துவிட்டது. 1828 திருமணம், பிள்ளைகளின் ஞானஸ்நானம், 1853 அடக்கம் எல்லாம் பிரிட்டிஷ் லைப்ரரியின் என்/2 வரிசையில் (மதராஸ் மாகாணத் திருச்சபைப் பதிவு நகல்கள்) கிடைத்தன. எதிலும் அந்தக் குடும்பத்தின் முன்னோரான பிரிட்டிஷ் சிப்பாய் வில்லியமின் அப்பா பெயர் இல்லை. கியூ தேசிய ஆவணக் காப்பகத்தின் டபிள்யூஓ 97 வரிசையில் உள்ள அவருடைய பென்ஷன் தாள், நார்ஃபோக் கவுண்டியில் ஸ்வாஃபம் ஊரிலோ அருகிலோ பிறந்தவர், 1819 மார்ச்சில் சேர்ந்தபோது வயது 19 என்கிறது.

ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளி இணையதளத்தில், ஞானஸ்நானப் பதிவுகளில் அதே குடும்பப்பெயரில் மூன்று வில்லியம் வருகிறார்கள்: 1797, 1800, 1802. மூன்றும் ஸ்வாஃபமைச் சுற்றிய வெவ்வேறு பாரிஷ்கள் (ஒரு கோயிலுக்கு உட்பட்ட திருச்சபைப் பகுதிகள்). 1800 பையனுக்கு மட்டும் ஜனவரியில் ஒன்று, மே மாதத்தில் ஒன்று என இரண்டு பதிவு. வயது பொருந்துவதால் அவரையே எடுத்துக்கொள்ளலாமா?

மைக்கூடு பதில்:

வயது பொருந்துகிறது என்பதற்காக எடுக்காதீர்கள். மரத்தில் தப்பான கிளை ஒட்டுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஒருவரைத் தேர்ந்தெடுப்பதைவிட மற்ற இருவரையும் கழித்துவிடுவதுதான் இங்கே வழி.

முதலில் அந்த இரட்டைப் பதிவு. குழந்தை நோஞ்சானாக இருந்தால் குருவானவர் வீட்டுக்கே போய் ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார். பிழைத்துத் தேறியபின் கோயிலுக்குக் கொண்டுவந்து சபையில் சேர்ப்பார்கள். ஏட்டில் முதலாவது 'பிரைவேட்லி பாப்டைஸ்டு' என்றும் இரண்டாவது 'ரிசீவ்டு' என்றும் இருக்கும். இன்டெக்ஸில் இந்தச் சொற்கள் விழாமல் இரண்டு குழந்தை போலத் தெரியும். பக்கத்தின் படத்தையே பாருங்கள். கேமரா ஐகானுக்கு மேல் சாவி தெரிந்தால் வீட்டிலிருந்து திறக்காது, ஃபேமிலிசர்ச் மையத்துக்குப் போகவேண்டும்.

அடுத்து கழித்தல். குழந்தை அடக்கப் பதிவுகளை 1797 முதல் ஒரு பத்தாண்டுக்குப் பாருங்கள். 1813க்கு முன் வயது எழுதவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் 'இன்னாரின் மகன்' என்று அப்பா பெயரோடு அடக்கம் இருந்தால் பெரும்பாலும் சிறுபிள்ளை. மூத்தவன் இறந்தபின் அடுத்தவனுக்கு அதே பெயர் வைப்பதும் சகஜம், அதனால் ஒரே பெற்றோருக்கு இரண்டு வில்லியம் இருந்தால் திகைக்க வேண்டாம்.

குழந்தையாகச் சாகாமல் பிழைத்தவரை 1819க்குப் பிறகு துரத்துங்கள். உங்கள் ஆள் மதராஸில் இருக்கிறார். எனவே அந்த வருடங்களில் நார்ஃபோக்கில் கல்யாணம் செய்து பிள்ளை பெறும் வில்லியம் அவர் அல்ல. 1813 ஜனவரி 1 முதல் அச்சடித்த படிவம் வந்துவிட்டது: ஞானஸ்நானப் பதிவில் அப்பாவின் ஊரும் தொழிலும் இருக்கும், அடக்கத்தில் வயது இருக்கும். 1851 குடிமதிப்பில் (மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்) பிறந்த பாரிஷும் இருப்பதால் அது பலமான ஆயுதம். 1841ஐ நம்பி வயதுக் கணக்குப் போடாதீர்கள். 15க்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள், 44 வயதுக்காரர் 40 ஆகிவிடுவார்.

ஓலைவாசகன் பதில்:

மைக்கூடு சொன்ன முறை சரி. எனக்கு 1802 பையன் மீதுதான் சந்தேகம். 18 வயதுக்கு முந்தைய சேவை பென்ஷன் கணக்கில் சேராது, பையன்கள் வயதைக் கூட்டிச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். 17 வயதுக்காரன் 19 என்று சொல்லியிருந்தால் வியப்பில்லை. சந்தேகம் ஆதாரமாகாது, அவரைக் கழிக்காமல் வைத்திருங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

நார்ஃபோக்கில் தேடுகிறவருக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. நார்ஃபோக் அடங்கிய நார்விச் பேராயத்தில் (பேராயரின் ஆளுகைப் பகுதியில்) 1783 முதல் 1812 வரை ஞானஸ்நானப் பதிவில் தாயின் பழைய குடும்பப்பெயரையும் சேர்த்து எழுதும் வழக்கம் பரவலாக இருந்தது. 'வில்லியம், ராபர்ட்டுக்கும் அவர் மனைவி மேரிக்கும் மகன், லேட் மேரி இன்னார், ஸ்பின்ஸ்டர்' என்ற வடிவில் வரும். ஸ்பின்ஸ்டர் என்றால் மணமாகாதவள். நம் கல்யாணப் பத்திரிகை 'லேட்' அல்ல இது! அம்மா இறந்துவிட்டாள் என்று குறித்துக்கொள்ளாதீர்கள். 'முன்பு இன்னார் என்ற பெயரில் இருந்தவள்' என்று பொருள். மூன்று வில்லியம்களுக்கும் மூன்று அம்மா பெயர் கிடைத்தால், அண்ணன் தம்பி தங்கைகளைத் தாய்வாரியாகப் பிரித்துவிடலாம்.

பெற்றோரின் திருமணத்தைப் பெரும்பாலும் பெண் ஊரில் தேடவேண்டும். 1754க்குப் பின் தனி ஏடு. மணமக்கள், சாட்சிகள் கையெழுத்தோ கீறலோ இருக்கும். சாட்சி பெயரைக் கண்டதும் உறவினர் என்று குதிக்காமல் முன்பின் பத்துப் பக்கம் புரட்டுங்கள். அதே ஆள் எல்லாத் திருமணத்திலும் நின்றால் அவர் பாரிஷ் கிளார்க், நம்மூர்க் கோயில்பிள்ளை மாதிரி. 'இந்தப் பாரிஷைச் சேர்ந்தவர்' என்பது அப்போதைய வசிப்பிடம், பிறந்த ஊர் அல்ல. மாப்பிள்ளை வெளியூர் என்றால் மூன்று ஞாயிறு ஓலை (திருமண அறிவிப்பு) வாசித்த குறிப்பு அவர் பாரிஷிலும் இருக்கவேண்டும்.

பாரிஷ் ஏட்டில் ஈரம் பட்டிருந்தாலோ எலி கடித்திருந்தாலோ ஆண்டுதோறும் மேலே அனுப்பிய நகலைப் பாருங்கள். இந்தப் பேராயத்தில் அது பேராயருக்கு மட்டும் போகவில்லை, பல ஆண்டுகளின் நகல் ஆர்ச்டீக்கனிடம் (பேராயருக்குக் கீழுள்ள மூத்த குருவிடம்) போனது. 'பிஷப் நகல்' என்று மட்டும் தேடிவிட்டு இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். நகல் எழுதியவர் வரிகளை விழுங்குவதும் உண்டு, மூலத்தில் இல்லாததைச் சேர்ப்பதும் உண்டு. இரண்டும் கிடைத்தால் இரண்டையும் படியுங்கள்.

மைக்கூடு பதில்:

தாத்தா தலைமுறைக்கு மேலே போகும்போது இரண்டு பள்ளங்கள். 1752க்கு முன் வருடம் மார்ச் 25இல் பிறந்தது. ஏட்டில் திருமணம் 1730 ஜூன், குழந்தை 1730 பிப்ரவரி என்று இருந்தால் கல்யாணத்துக்கு முன் பிறந்த பிள்ளை அல்ல. அந்த பிப்ரவரி நம் கணக்கில் 1731. குறிக்கும்போது 1730/31 என்றே எழுதிவையுங்கள். இன்னொன்று 1783 முதல் 1794 வரை பதிவுக்கு 3 பென்ஸ் வரி. ஏழைகளுக்கு விலக்கு. சிலர் ஞானஸ்நானத்தையே தள்ளிப்போட்டார்கள், வரி போனபின் நாலைந்து பிள்ளைகளுக்கு ஒரே நாளில் செய்தார்கள். அதனால் ஞானஸ்நானத் தேதியைப் பிறந்த தேதியாக நிரப்பக் கூடாது.

பரங்கிமலை_ஏடு:

நன்றி இருவருக்கும். 1797 பையன் 1799இல் அடக்கம், பெற்றோர் பெயரோடு இருக்கிறது. 1800 ஆள் 1851 குடிமதிப்பில் மனைவி மக்களோடு நார்ஃபோக்கிலேயே இருக்கிறார், பிறந்த பாரிஷும் அதே பாரிஷ். மிஞ்சியது 1802. படத்தில் அம்மா பெயருக்குப் பின் 'ஸ்பின்ஸ்டர்' இல்லை, 'விடோ' (கைம்பெண்) என்று இருக்கிறது. இதை எப்படி எடுத்துக்கொள்வது?

ஓலைவாசகன் பதில்:

அப்படியானால் அங்கே எழுதியிருப்பது அவள் பிறந்த வீட்டுப் பெயர் அல்ல, முதல் கணவன் பெயர். இரண்டு திருமணம் தேடவேண்டும். இரண்டாவதில் அவளே 'விடோ' என்று வருவாள். பிறகு முதல் கணவன் குடும்பப்பெயரை வைத்துப் பின்னோக்கிப் போனால் அந்தத் திருமணப் பதிவில் கன்னிப்பெயர் கிடைக்கும். முதல் கணவனின் அடக்கம் இரு திருமணங்களுக்கும் நடுவில் விழுகிறதா என்று பாருங்கள். இரண்டாவது திருமணத்துக்குப் பிந்தியதாக விழுந்தால் நீங்கள் பிடித்திருப்பது வேறு ஒருத்தியை.

இன்னொரு விஷயம்: 1802 ஆள் மிஞ்சியது இன்டெக்ஸில் இருக்கும் மூவரில்தான். ஸ்வாஃபமைச் சுற்றி எந்தெந்தப் பாரிஷ், எந்தெந்த ஆண்டு இன்டெக்ஸில் ஏறவில்லை என்று எழுதி, அவற்றின் படங்களையும் 1796 முதல் 1803 வரை புரட்டிவிடுங்கள். நாலாவது வில்லியம் அங்கே உட்கார்ந்திருக்கலாம்.