மறுமொழி: ஆடியோ டிராமாவுக்குத் தமிழ்ச்சொல் – ‘செவிநாடகம்’ சரிவருமா?

குழுவினருக்கு வணக்கம்.

> வானொலி நாடகம் என்று நல்ல சொல் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

ஐயா கேட்ட இந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. நான் ‘டாக்டர் ஹூ’ என்ற பிரிட்டிஷ் அறிபுனைத் தொடரின் ஆடியோ கதைகளைப் பல வருடமாகக் கேட்டு வருகிறேன், அவற்றைப் பற்றித் தமிழில் எழுத உட்காரும்போதெல்லாம் முதல் வரியிலேயே மாட்டிக்கொள்கிறேன். எடுத்துக்காட்டாக இந்த ஒரு தொடரை மட்டும் பாருங்கள். காலத்திலும் விண்வெளியிலும் பயணம் செய்யும் ‘டாக்டர்’ என்ற வேற்றுக்கிரகவாசியின் கதை இது; அந்தப் பாத்திரத்தில் காலத்துக்குக் காலம் வேறு வேறு நடிகர்கள் நடிப்பார்கள். 1963 நவம்பர் 23 அன்று பிபிசி தொலைக்காட்சியில் தொடங்கியது. 1976-இல் டாம் பேக்கரும் எலிசபெத் ஸ்லேடனும் நடித்த ஒரு சாகசம் இசைத்தட்டாக வந்தது. 1985-இல் காலின் பேக்கர் நடித்த கதை பிபிசி வானொலியில் வந்தது, 1993-இல் ஜான் பெர்ட்வீ நடித்த இன்னொன்று அதே போல வானொலியில். பிறகு 1999 ஜூலையில் பிக் ஃபினிஷ் என்ற நிறுவனம் ‘தி சைரன்ஸ் ஆஃப் டைம்’ என்ற கதையைக் குறுந்தட்டாக வெளியிட்டது. அந்த நிறுவனம் இன்றுவரை வெளியிட்டுவரும் டாக்டர் ஹூ ஆடியோ கதைகள் அங்கிருந்துதான் தொடங்கின.

இதில் 1985-உம் 1993-உம் வானொலி நாடகங்கள், சந்தேகமே இல்லை. 1976-உம் 1999-உம் வானொலி பக்கமே போகவில்லை. கடையில் வாங்கி வீட்டில் கேட்பது, இப்போதென்றால் பதிவிறக்கிக் கேட்பது. அவற்றை வானொலி நாடகம் என்று நான் எழுதினால் அது தகவல் பிழை. இன்னும் ஒரு சிக்கல் உண்டு: பால் மெக்கேன் நடித்த சில கதைகளை பிக் ஃபினிஷ் தயாரித்து, 2006 டிசம்பர் 31 முதல் பிபிசி 7 வானொலி ஒலிபரப்பியது, அதே கதைகள் குறுந்தட்டாகவும் வந்தன. ஆக நமக்கு வேண்டியது ஒரு குடைச்சொல். வானொலி நாடகம் அந்தக் குடைக்குள் வரும் ஒரு வகையாக இருக்கட்டும். அந்தச் சொல்லை யாரும் தூக்கிப் போடச் சொல்லவில்லை.

சரி, அடுத்தது.

> ஒலிநூல் புழக்கத்துக்கு வந்துவிட்டது. அதே அச்சில் ஒலிநாடகம் என்று வைத்துவிடலாமே.

நானும் இரண்டு வருடம் இப்படித்தான் எழுதினேன். கைவிட்டதற்குக் காரணம் ஒரு தொலைபேசிப் பேச்சு. என் அக்காவிடம், “ஒரு நல்ல ஒலிநாடகம் அனுப்பியிருக்கேன், ராத்திரி ஹெட்போன் போட்டுக் கேளு” என்றேன். மறுநாள் காலையில் அழைத்து, “கோப்பு கெட்டுப்போச்சு போல, படமே வரல, சத்தம் மட்டும்தான் வருது” என்றார். நான் சொன்ன ஒலி அவர் காதில் ஒளியாக விழுந்திருக்கிறது! லகரமும் ளகரமும் பேச்சில் எவ்வளவு நெருங்கிவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். எழுத்திலும் ஒலிப்பதிவு, ஒளிப்பதிவு இரண்டையும் மாற்றி எழுதுவது அன்றாடம் நடக்கிறது. மற்ற இடங்களில் சூழலைப் பார்த்து அர்த்தத்தைச் சரிசெய்துகொள்கிறோம். ஆனால் நாடகம் என்று வந்தாலே ஆட்கள் காட்சியைத்தான் எதிர்பார்க்கிறார்கள், அதனால் ‘ஒளிநாடகம்’ என்று கேட்டுக்கொண்டாலும் பொருள் பொருந்திப் போய்விடுகிறது. பிழை வெளியே தெரியவே தெரியாது. காதால் மட்டுமே நுகரும் ஒரு கலைக்கு, காதுக்குக் குழப்பம் தரும் பெயரை வைப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை.

ஒலிநூலோடு ஜோடி சேர்வது வசதி என்பதையும் நான் ஏற்கவில்லை. இரண்டும் ஒன்று என்ற எண்ணம்தான் இந்தக் கலையைப் புதியவர்களிடம் கொண்டுசேர்க்க முடியாமல் தடுக்கிறது. ஒலிநூலில் ஒருவர் புத்தகத்தை வாசிக்கிறார். இதில் வாசிப்பே கிடையாது. நடிகர்கள் ஒலிவாங்கி முன் நின்று ஒருவரோடொருவர் மோதுகிறார்கள், கதவு திறக்கிறது, ஓடும் காலடி இடது காதிலிருந்து வலது காதுக்குப் போகிறது, இசை ஏறுகிறது, அத்தியாயம் பாதி அலறலில் முடிகிறது.

> ஒலிச்சித்திரம்?

இந்தச் சொல் எனக்கு மிகவும் பிடித்தது, ஆனால் அதற்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. திரைப்படத்தின் வசனத்தையும் பாட்டையும் மட்டும் எடுத்து வானொலியில் ஒலிபரப்புவதைத்தான் தமிழில் ஒலிச்சித்திரம் என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். கண்ணுக்காக எடுத்த ஒன்றின் ஒலி அது. இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் டாக்டர் ஹூவில் அச்சு அசலாக இதே பொருளுக்கு ஒரு வகை இருக்கிறது. 1960-களில் வந்த அத்தியாயங்களில் பலவற்றின் நாடாக்களை பிபிசி பின்னால் அழித்துவிட்டது. 90-க்கும் மேற்பட்ட அத்தியாயங்களின் படம் காணாமலே போய்விட்டது. ஆனால் ஒலி மட்டும் ஒன்றுவிடாமல் எல்லாவற்றுக்கும் இருக்கிறது, ஏன் தெரியுமா? தொடர் ஓடிக்கொண்டிருந்தபோதே வீட்டில் டேப் ரெக்கார்டர் வைத்துப் பதிவு செய்த ரசிகர்கள் இருந்தார்கள். தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒலிவாங்கியை வைத்துவிட்டு, வீட்டில் யாரும் இருமிவிடக்கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. அந்தப் பதிவுகளைச் சுத்தம் செய்து, பேச்சில்லாத இடங்களில் அந்தக் கால நடிகர் ஒருவரை வைத்து “டாக்டர் மெதுவாகக் கதவருகே போகிறார்” என்பது போல விவரணை சேர்த்து பிபிசி வெளியிட்டது.

அவைதாம் ஒலிச்சித்திரங்கள்! புதுச்சொல்லே வேண்டாம், தமிழில் தயாராக இருந்த சொல் அப்படியே உட்கார்ந்துகொள்கிறது. அதனால்தான் இதை வேறொன்றுக்குச் செலவழிக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கண்ணுக்காக எடுத்ததன் ஒலி மட்டும் வந்தால் ஒலிச்சித்திரம். காதுக்காகவே எழுதி நடித்தது வேறு.

பலகுரல் நாடகம் என்று வந்த யோசனைக்கு ஒரே வரி: பலகுரல் என்றால் ஒருவரே பலரைப் போலப் பேசிக் காட்டும் மிமிக்ரி என்றுதான் நமக்குப் பதிந்திருக்கிறது, ஆகவே நேர் எதிர்ப்பொருள் வந்துவிடும்.

இனி என் முன்மொழிவு. நாடக வகைகளுக்குத் தமிழில் எப்படிப் பெயர் வைத்திருக்கிறோம் என்று பார்த்தேன். மேடை நாடகம், தெருக்கூத்து, தொலைக்காட்சி நாடகம், திரைப்படம். எல்லாமே நிகழும் இடத்தைச் சொல்கின்றன. மேடையில் நடந்தால் மேடை நாடகம், தெருவில் நடந்தால் தெருக்கூத்து, திரையில் விழுந்தால் திரைப்படம். அப்படியானால் இந்தக் கலை எங்கே நிகழ்கிறது? ஒலிப்பதிவுக் கூடத்தில் இல்லை, அங்கே ஆளுக்கொரு கண்ணாடித் தடுப்புக்குள் தாளைப் பார்த்துத்தான் பேசுவார்கள். குறுந்தட்டிலும் இல்லை, கோப்பிலும் இல்லை. கேட்பவரின் காதுக்குள்தான் மேடை கட்டப்படுகிறது. அதனால் செவிநாடகம்.

இது வெறும் அழகுக்காகச் சொல்வது இல்லை. 2002-இல் மார்க் பிளாட் எழுதி வந்த ‘ஸ்பேர் பார்ட்ஸ்’ என்ற கதையை எடுத்துக்கொள்ளுங்கள். சைபர்மேன்கள், அதாவது உடலை இயந்திரமாக மாற்றிக்கொண்ட மனிதர்கள், எப்படி உருவானார்கள் என்பதுதான் கதை. சாகும் தறுவாயில் இருக்கும் ஒரு கிரகம், நிலத்தடி நகரம், அங்கே ஒரு சாதாரணக் குடும்பம். அந்த வீட்டுப் பெண் யுவோன் வேலைக்கென்று அழைத்துப் போகப்படுகிறாள். பிறகு பாதி இயந்திரமாக மாற்றப்பட்ட நிலையில் வீடு திரும்புகிறாள். தொலைக்காட்சியில் என்றால் உலோக முகமூடி போட்ட ஒருவரைத்தான் காட்டியிருப்பார்கள், நாமும் முகமூடியைத்தான் பார்த்திருப்போம். இங்கே கேட்பது ராகம் போட்டு இழுக்கும் ஒரு செயற்கைக் குரல், அதற்குள் சிக்கிக்கொண்டு தடுமாறும் ஒரு பெண், எதிரில் அவள் தந்தையின் குரல். இவள் நம் மகள் என்று அவருக்குப் புரியும் அந்த நேரத்தை முதல் முறை கேட்டபோது நான் நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டேன், பத்து நிமிடம் கழித்துத்தான் திரும்ப ஓடவிட முடிந்தது. அந்த முகத்தை எனக்கு யாரும் காட்டவில்லை. ஆனால் இன்றும் நினைவிருக்கிறது.

இன்னொன்று, 2003-இல் வந்த ‘ஸ்கெர்ட்சோ’. இரண்டே நடிகர்கள், பால் மெக்கேனும் இந்தியா ஃபிஷரும். கண்ணுக்கு வேலையே இல்லாத ஓர் இடத்தில் இருவரும் நடந்துகொண்டே இருக்கிறார்கள், அவர்களை எதிர்க்கும் உயிரோ ஒலியால் ஆனது. இதைப் படமாக எடுக்கவே முடியாது, எடுத்தால் கதை செத்துவிடும். இப்படிப்பட்ட படைப்பை ‘படம் இல்லாத நாடகம்’ என்று குறை சொல்லும் தொனியில் அடையாளப்படுத்துவது அநியாயம். செவி என்ற சொல் இருப்பதைச் சொல்கிறது, இல்லாததைச் சொல்வதில்லை.

செவிக்கு எதிராக வரக்கூடியவற்றையும் நானே யோசித்துப் பார்த்தேன். செவிவழிச் செய்தி என்றால் உறுதியற்ற செய்தி, அந்த நிழல் விழாதா? விழாது என்றே நினைக்கிறேன், அங்கே ஐயத்தைத் தருவது ‘வழி’. செவிசாய்த்தல், செவிமடுத்தல், செவிக்கு விருந்து எல்லாம் கவனத்தையும் மகிழ்ச்சியையும்தான் குறிக்கின்றன. காது நாடகம் என்றால் பேச்சுக்கு நெருக்கம்தான், ஆனால் கூட்டுச்சொல்லாக நீளும்போது தாங்காது. செவிநாடகத் தொடர், செவிநாடக நடிகர், செவிநாடக எழுத்து என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், எங்கும் தடுக்கவில்லை. கேள்நாடகம் என்று ஒரு தோழி சொன்னதும் நல்ல ஆக்கம். கேள்வி ஞானம் என்கிற வழக்கில் வரும் அந்தப் பழைய பொருள் அதில் இருக்கிறது. ஆனால் இன்று ‘கேள்’ என்றதும் வினா கேட்பதுதான் முதலில் மனதில் வருகிறது, அதனால் இரண்டாம் இடம் தருகிறேன்.

அப்புறம் எல்லைச் சிக்கல் ஒன்று. 2007-இல் பிக் ஃபினிஷ் ஒரு தனி வரிசை தொடங்கியது. முதல் மூன்று டாக்டர்களாக நடித்த வில்லியம் ஹார்ட்னெல், பேட்ரிக் டிரௌட்டன், ஜான் பெர்ட்வீ மூவரும் அதற்குள் காலமாகிவிட்டார்கள். அதனால் அந்தக் காலக் கதைகளை, டாக்டரோடு பயணம் செய்த பாத்திரங்களில் நடித்தவர்கள் தாங்களே சொல்லி, நடித்து, டாக்டரின் வசனத்தையும் தங்கள் குரலிலேயே பேசினார்கள். பெரும்பாலும் கூட இன்னொரு நடிகர் இருப்பார். பாதி வாசிப்பு, பாதி நாடகம். இதை எங்கே வைப்பது? பின்னணி ஒலியும் இசையும் எதிர்க்குரலும் இருப்பதால் செவிநாடகம்தான், ‘இருகுரல் செவிநாடகம்’ என்று அடை சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் முடிவு. இதில் மாற்றுக் கருத்து இருந்தால் கேட்கத் தயார்.

இந்தத் துறையில் வேறு சில சொற்களும் தேவைப்படுகின்றன. ஒவ்வொரு அத்தியாய முடிவிலும் ஆபத்தில் நிறுத்திவிட்டுத் தலைப்பு இசையைப் போடுகிறார்களே, ஆங்கிலத்தில் ‘கிளிஃப்ஹேங்கர்’ என்பார்கள், அதற்கு மலைமுகடு, தொங்கல் என்றெல்லாம் உருவாக்க வேண்டாம். பத்திரிகைத் தொடர்கதை படித்த எல்லோருக்கும் ‘தொடரும்’ தெரியும். “அருமையான இடத்தில் தொடரும் போட்டார்கள்” என்றால் போதும். ஒலி வடிவமைப்பு ஏற்கெனவே இருக்கிறது, மாற்ற வேண்டாம். நீலப் பெட்டி வடிவில் இருக்கும் டாக்டரின் காலப்பயணக் கலமான டார்டிஸ் கிளம்பும் அந்த மூச்சிரைப்புச் சத்தத்தை நினைத்துக்கொண்டால் அந்தச் சொல்லின் மதிப்பு புரியும்: பிபிசியின் ரேடியோஃபோனிக் பட்டறையில் பிரையன் ஹாட்ஜ்சன் ஒரு பழைய பியானோவின் கம்பிமேல் சாவியை இழுத்துத் தேய்த்துப் பதிவு செய்ததிலிருந்து உருவானது அது. செவிநாடகத்தில் அந்த ஒரு சத்தம் போதும், நீலப் பெட்டி கண்முன் வந்து நின்றுவிடும்.

ஆனால் ஒரு சொல் கட்டாயம் வேண்டும். பாத்திரம் தான் பார்ப்பதைத் தானே விவரிப்பது, “ஐயோ, அந்தப் பச்சைக் கதவு திறக்கிறதே, உள்ளிருந்து புகை வருகிறதே” என்பது போல. மோசமான செவிநாடகத்தை முதல் நிமிடத்திலேயே காட்டிக்கொடுப்பது இதுதான், நல்ல எழுத்தாளர்கள் இதைத் தவிர்க்க என்னவெல்லாமோ செய்கிறார்கள்: இருட்டில் கதையை வைப்பார்கள், பார்வையற்ற பாத்திரம் ஒன்றைக் கொண்டுவருவார்கள், இருவரும் பார்ப்பது வேறு வேறு என்று சண்டை மூட்டுவார்கள். இதற்கு ‘கண்வசனம்’ என்று எழுதி வருகிறேன், கண்ணின் வேலையைச் செய்யும் வசனம் என்ற பொருளில். விமர்சனத்தில் “கண்வசனம் அதிகம்” என்று இரண்டே சொல்லில் சொல்லிவிட முடிகிறது.

டாக்டரோடு பயணம் செய்பவர்களுக்குத்தான் இன்னும் தடுமாறுகிறேன். துணைவர் என்றால் கணவன் மனைவி வாசம் வருகிறது, தோழர் என்றால் கட்சி வாசம். வழித்துணை என்று எழுதிப் பார்த்தேன், “டாக்டரின் வழித்துணை சார்லி” என்று. எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் ஆளைக் குறிக்கும்போது பன்மையில் வழித்துணைகள் என்று அஃறிணை போல ஒலிக்கிறது, வழித்துணையர் என்றால் கொஞ்சம் செய்யுள் நடை ஆகிவிடுகிறது. ‘ஸ்பேர் பார்ட்ஸ்’ பற்றி எழுதிக்கொண்டிருக்கும் கட்டுரையில் செவிநாடகம், கண்வசனம் இரண்டையும் போட்டாகிவிட்டது. இந்தப் பன்மைக்கு மட்டும் ஒரு வழி சொல்லுங்கள், அந்தப் பத்தி காலியாகக் கிடக்கிறது.

அன்புடன்.